டாலினில் ஸ்டார்ட்அப் தொடங்க இது நேரமா? இந்த ஊரில் பணம் இன்னும் இருக்கிறதா?

பனிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எஸ்டோனியத் தலைநகர் டாலினில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கையில் இருப்பது வேலைக்கான தற்காலிக வதிவிட அனுமதி. முன்பு என்னோடு வேலை பார்த்த எஸ்டோனிய நண்பர் ஒருவரும் நானும் மாலை நேரங்களில் உட்கார்ந்து ஒரு மென்பொருள் செய்திருக்கிறோம். மீன், பால் பொருள், உறைந்த பழம் வைக்கிற குளிர்பதனக் கிடங்குகளுக்கானது.

இங்கே மின்சார விலை நோர்ட் பூல் சந்தையில் நேரத்துக்கு நேரம் மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். நாளைய விலை இன்று பிற்பகலே வந்துவிடுகிறது. விலை குறைவான நேரத்தில் கம்ப்ரசரை ஓட்டிக் கிடங்கைக் கொஞ்சம் கூடுதலாகக் குளிர வைத்துவிட்டு, விலை ஏறும்போது கம்ப்ரசரை ஓய விட வேண்டும். சொல்லும்போது சுலபம். கதவு எத்தனை முறை திறக்கிறது, லாரி எப்போது வருகிறது, உள்ளே எவ்வளவு சரக்கு என்று எல்லாம் பார்த்துச் செய்ய வேண்டியிருப்பதால் வேலை கடினம். 2022 ஆகஸ்ட் 17 மாலை ஒரு மணி நேரத்துக்கு மெகாவாட் மணி 4,000 யூரோவைத் தொட்டதே, அன்றைக்கு ஒரு கிடங்குக்காரர் என் நண்பரிடம் புலம்பியதில்தான் இது தொடங்கியது. இப்போது இரண்டு கிடங்குகளில் ஓடுகிறது. ஒன்றில் மாதாமாதம் பணம் தருகிறார்கள்.

இனி முழுநேரமாக இறங்கலாம் என்று பார்க்கிறோம். ஆனால் இங்கே பேசுகிற பாதிப் பேர் "2022-ஓடு எல்லாம் முடிந்தது, பெர்லினுக்குப் போ" என்கிறார்கள். ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடிவிட்டது. இந்த ஊரில் முதலீடு நிஜமாகவே இருக்கிறதா? விசா, கம்பெனி, முதலீட்டாளர், இதில் எதை முதலில் கையில் எடுக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கலமாயா எழுதியது:

தம்பி, நான் டால்டெக்கில் (டாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். சில வருடங்களாகச் சின்ன ஸ்டார்ட்அப்களுக்குக் கணக்கும் முதலீட்டு ஆவணமும் பார்ப்பதுதான் தொழில். யார் பணம் போட்டார்கள், எப்போது தீர்ந்தது என்பதெல்லாம் என் மேசை வழியாகப் போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பணம் வற்றிவிட்டது என்று சொல்கிறவர்களிடம், எந்தப் பணம் என்று கேள். இந்த ஊரில் முதல் செக்கும் (கம்பெனி தொடங்கும்போது வருகிற சின்ன முதலீடு) இரண்டாவது செக்கும் (வளரும்போது வருகிற பெரிய முதலீடு) வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. வற்றியது இரண்டாவது.

முதல் செக் ஊருக்குள்ளிருந்து வருகிறது. ஸ்கைப்பைத் தொடங்கிய சென்ஸ்ட்ரோம் ஸ்வீடன்காரர், ஃப்ரீஸ் டென்மார்க்காரர். மென்பொருளை எழுதியவர்கள் ஆஹ்தி ஹெய்ன்லா, ப்ரீட் கசேசாலு, யான் டாலின் என்று இந்த ஊர்க்காரர்கள். 2005-ல் இபே 260 கோடி டாலருக்கு வாங்கியபோது அதில் ஒரு பங்கு இந்த ஊர் ஆட்கள் கைக்கு வந்தது. அந்தப் பணம் வீடும் காருமாக மட்டும் போய்விடவில்லை என்பதுதான் எஸ்டோனியாவின் நல்ல காலம். ஸ்கைப்பின் முதல் ஊழியரான தாவெட் ஹின்ரிகஸ், கிறிஸ்டோ கேர்மனோடு சேர்ந்து 2011-ல் வைஸ் தொடங்கினார். லண்டனில் இருந்த இரண்டு பேர், ஒருவருக்கு யூரோவில் சம்பளம், இன்னொருவருக்கு எஸ்டோனியாவில் வீட்டுக் கடன், வங்கிக் கட்டணம் கொடுக்காமல் தங்களுக்குள் பணத்தை மாற்றிக்கொண்டதில் பிறந்த கம்பெனி அது. 2021 ஜூலையில் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. ஹெய்ன்லா அதற்கு முன்பே, 2014-ல், ஸ்டார்ஷிப்பைத் தொடங்கிவிட்டார். நடைபாதையில் ஆறு சக்கரத்தில் உருண்டு போகிற அந்த வெள்ளைப் பெட்டி ரோபோக்கள் அவர்களுடையவை. இன்றைக்கு முதல் செக் எழுதுகிறவர்களில் ஸ்கைப் ஆட்களைவிட வைஸ், போல்ட் (வாடகை கார் செயலி), பைப்ட்ரைவ் (விற்பனை மென்பொருள்) ஆட்கள் அதிகமாகிக்கொண்டு வருகிறார்கள். ஸ்கைப் என்ற செயலி மூடியதால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுபடவில்லை.

இரண்டாவது செக் வெளியூர்ப் பணம். 2022 ஜனவரியில் போல்ட் ஒரே ரவுண்டில் 62.8 கோடி யூரோ வாங்கியது, முன்னால் நின்றவர்கள் செகோயா, ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனங்கள். அதே மாதம் இணையத்தில் அடையாளம் சரிபார்க்கிற வெரிஃப் 10 கோடி டாலர் வாங்கியது, அதில் டைகர் குளோபல் என்ற இன்னொரு அமெரிக்க ஃபண்ட். பிறகு வட்டி விகிதம் ஏறியதும் இப்படிப்பட்ட ஃபண்டுகள் ஐரோப்பா முழுக்கக் கையை இழுத்துக்கொண்டன. மொத்தமே சுமார் 13.7 லட்சம் பேர் உள்ள நாடு இது. ஒரு போல்ட் வாங்கினால் அந்த வருடக் கணக்கு வானத்துக்குப் போகும், அடுத்த வருடம் யாரும் அப்படி வாங்கவில்லை என்றால் பாதாளத்துக்கு விழும். அந்த வரைபடத்தைப் பார்த்து உன் அளவில் இருக்கிற ஒரு கம்பெனி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

உன் அளவில் என்ன நடக்கிறது என்பதற்கு நான் கூட உட்கார்ந்திருந்த ஒரு சந்திப்பைச் சொல்கிறேன். டெல்லிஸ்கிவியில் காலை நேரம். பழைய ரயில்வே பட்டறைக் கட்டடங்கள் இருக்கிறதே, அங்கே ஒரு காபிக் கடை. எதிரே இருந்த ஏஞ்சல் முதலீட்டாளர் (சொந்தப் பணத்தைப் போடுகிற தனிநபர்) முன்பு பொறியாளராக இருந்தவர். எங்கள் ஆட்கள் ஸ்லைடைத் திறந்தார்கள். அவர் இரண்டாவது ஸ்லைடிலேயே நிறுத்தி, "இது பிறகு. பணம் தருகிற வாடிக்கையாளரின் ஸ்கிரீனைக் காட்டுங்கள்" என்றார். பயன்பாட்டுப் பதிவைக் கீழே வரை உருட்டிப் பார்த்தார். சனி, ஞாயிறு யாரும் பயன்படுத்தவில்லையே, ஏன் என்று கேட்டார். பிறகு ஒரே ஒரு வியாபாரக் கேள்வி: எஸ்டோனியாவுக்கு வெளியே முதலில் யாரிடம் விற்பீர்கள்? எங்கள் ஆட்களிடம் ஒரு லாட்வியக் கம்பெனியின் பெயரும், அவர்களோடு நடந்த மின்னஞ்சலும் இருந்தன. அதைக் காட்டினார்கள். இரண்டு வாரத்தில் முதலீட்டு நிபந்தனைகளை எழுதிய விதிமுறைத் தாள் (டெர்ம் ஷீட்) வந்தது. உபசாரப் பேச்சு ஒன்றும் கிடையாது, இங்கே அப்படித்தான். அதை அலட்சியம் என்று நினைத்துவிடாதே.

அந்தக் கேள்வி உன்னிடமும் வரும். எஸ்டோனியாவில் பெரிய குளிர்பதனக் கிடங்குகளை ஒரு மதியத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டுவிடலாம். ஆகவே முதலீட்டாளரைத் தேடுவதற்கு முன் ஹெல்சிங்கிக்குக் கப்பல் ஏறு. இரண்டு மணி நேரப் பயணம். ஃபின்லாந்திலும் அதே நோர்ட் பூல், அதே மாதிரித் தொலைவிலிருந்து படிக்கிற மீட்டர். அங்கே ஒரே ஒரு கிடங்குக்காரர் பணம் தந்தால் போதும், டாலினில் உன்னிடம் பேசுகிற தொனியே மாறும். ஹெல்சிங்கி ஃபண்டுகளும் உன்னைப் பார்க்கும்.

அடுத்து விசா. இதில் வரிசை முக்கியம். வேலையை இப்போது விடாதே. உன் அனுமதி வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சாதாரணத் தொழில் அனுமதிக்கு நீ 65,000 யூரோ முதலீடு காட்ட வேண்டும். ஸ்டார்ட்அப் என்று ஏற்கப்பட்டால் அந்தத் தொகை வேண்டியதில்லை, அதற்காகத்தான் 2017-ல் ஸ்டார்ட்அப் விசாவைக் கொண்டுவந்தார்கள். ஸ்டார்ட்அப் கமிட்டி உன் விண்ணப்பத்தைப் பார்த்து, இது புதுமையானதா, வெளிநாட்டில் வளருமா என்று முடிவு சொல்லும். மென்பொருள் ஆலோசனை, ஆள் எடுத்துக் கொடுப்பது, உணவகம் என்று போனால் திரும்பி வந்துவிடும். உன்னுடையதில் ஒரு ஆபத்து உண்டு. ஒவ்வொரு கிடங்குக்கும் தனியாகப் போய் அமைத்துத் தருகிறோம் என்று எழுதினால் அது சேவைத் தொழில் போலத் தெரியும். இரண்டாவது கிடங்கில் அமைக்க முதல் கிடங்கைவிட எவ்வளவு குறைந்த நேரம் பிடித்தது என்று எழுது. அதுதான் அவர்களுக்கு வேண்டியது. கமிட்டி பதில் கைக்கு வந்த பிறகு அனுமதியை மாற்று, அப்புறம் ராஜினாமா.

கம்பெனி தொடங்குவது இங்கே மிகச் சுலபமான பகுதி. அடையாள அட்டையைச் செருகி, இருவரும் கையொப்பமிட்டால் முடிந்தது. குறைந்தபட்ச மூலதனம் 2,500 யூரோ என்று இருந்ததை 2023-ல் எடுத்துவிட்டார்கள், ஒரு சென்ட்கூடப் போதும். ஆனால் நீ அப்படிச் செய்யாதே. மூலதனம் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால், பங்கு கைமாறும்போது நோட்டரி தேவையில்லை என்று சங்க விதியில் எழுதிக்கொள்ளலாம். 2020-லிருந்து இந்த வசதி இருக்கிறது. பின்னால் வெளிநாட்டு ஏஞ்சல்கள் பங்கை வாங்கவும் விற்கவும் தொடங்கும்போது, ஒவ்வொருவரையும் நோட்டரி முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரமத்துக்கு இந்த 10,000 மலிவு.

வரியைப் பற்றி எல்லோரும் புகழ்வார்கள். லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருக்கும் வரை வருமான வரி கிடையாது, 2000-லிருந்து அப்படித்தான். வெளியே பங்காதாயமாக எடுக்கும்போது 22 சதவீதம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் முதல் வருடங்களில் லாபம் இருந்தால்தானே அது உதவும். உன்னைக் கடிக்கப் போவது சமூக வரி, சம்பளத்துக்கு மேல் முதலாளி கட்டுவது. 3,000 யூரோ சம்பளத்துக்கு ஆள் எடுத்தால் அதற்கு மேல் 990 யூரோ நீ கட்ட வேண்டும். கையில் இருக்கிற பணம் எத்தனை மாதம் வரும் என்று கணக்குப் போடும்போது இதை விடுகிறவர்கள் நிறைய.

பங்கு விருப்பங்களை (பின்னால் கம்பெனிப் பங்கை வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தருகிற உரிமை) முதல் ஊழியர் வரும் அன்றே எழுதிக் கையொப்பமிட்டு வை. கொடுத்த நாளிலிருந்து 3 வருடம் கழித்து அவர் பங்காக மாற்றினால் ஊழியருக்குத் தருகிற சலுகைகளுக்கு நிறுவனம் கட்ட வேண்டிய வரி வராது. அந்த 3 வருடம் ஒப்பந்தத் தேதியிலிருந்துதான் ஓடும், வாய்ப்பேச்சிலிருந்து அல்ல.

இ-ரெசிடென்சி உனக்குத் தேவையே இல்லை. நீ இங்கே வாழ்கிறாய், அட்டை உன்னிடம் இருக்கிறது. அது வெளிநாட்டிலிருந்து கம்பெனி நடத்துகிறவர்களுக்கு. இங்கே வந்து வாழ்வதற்கான உரிமையை அது தராது என்பதையும் இதைப் படிக்கிற மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷ்ப்ரே_கரை எழுதியது:

நான் டாலினில் இருந்து பெர்லினுக்கு மாறியவன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். கலமாயா அக்கா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பெர்லினில் உங்களுக்குக் கிடைப்பது பணத்தைவிட ஆட்கள். சலாண்டோ, டெலிவரி ஹீரோ, ஹலோஃபிரெஷ் எல்லாவற்றிலும் ஒரு கம்பெனியை 50 பேரிலிருந்து 500 பேராக வளர்த்த விற்பனைத் தலைவர்கள், நிதித் தலைவர்கள் இருக்கிறார்கள். டாலினில் அந்த அனுபவம் ஏழெட்டுக் கம்பெனிக்குள் அடங்கிவிடும், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஒருவரை எடுக்க இன்னொருவரிடமிருந்து பிடுங்க வேண்டும். இதை நான் நேரில் பட்டிருக்கிறேன்.

ஆனால் தொடக்கத்துக்குப் பெர்லினைச் சொல்ல மாட்டேன். இங்கே கெஎம்பெஹா (GmbH, வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி) தொடங்க 25,000 யூரோ மூலதனம், அதில் பாதியைப் பதிவு செய்யும்போதே காட்ட வேண்டும். நோட்டரி உங்கள் முன்னால் உட்கார்ந்து ஒப்பந்தத்தை வரி வரியாக வாசிப்பார். உங்களுக்கு ஜெர்மன் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேறு. லாபம் வந்தால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சுமார் 30 சதவீதம் வரி.

எல்லாவற்றையும்விட, உங்கள் பொருளுக்கு ஜெர்மனி இன்னும் தயாராக இல்லை. எஸ்டோனியாவில் 2017-லேயே எல்லா இடத்திலும் மணிக்கு மணி படிக்கிற மீட்டர் வந்துவிட்டது. இங்கே ஸ்மார்ட் மீட்டர் போடுகிற வேலை இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. நேரத்துக்கு நேரம் மாறுகிற கட்டணத் திட்டத்தை எல்லா மின் நிறுவனங்களும் கட்டாயம் தர வேண்டும் என்பதே 2025-லிருந்துதான். பெரிய கிடங்குகளுக்கு வேறு வழிகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றிலும் கட்டணச் சிக்கல் வேறு மாதிரி இருக்கும். ஃபின்லாந்து, அப்புறம் லாட்வியா, லிதுவேனியா, ஸ்வீடன் என்று போய்விட்டு வாருங்கள்.

டார்ட்டு_மாணவன் எழுதியது:

இங்கே இப்போது எல்லோரும் பாதுகாப்புத் தொழில்நுட்பத்தைப் பற்றித்தானே பேசுகிறார்கள்? 2022-ல் உக்ரைன் மீது முழுப் போர் தொடங்கிய பிறகு அரசே தன் முதலீட்டு நிறுவனமான ஸ்மார்ட்கேப் வழியாக 10 கோடி யூரோவில் தனி ஃபண்ட் வைத்திருக்கிறது. பாதுகாப்பு ஸ்டார்ட்அப்களை வளர்க்கிற நேட்டோவின் டயானா திட்டமும் டாலினில் இருக்கிறது. மின்சாரம், குளிர்பதனம் என்பதையே "முக்கியக் கட்டமைப்புப் பாதுகாப்பு" என்று எழுதினால் அந்தப் பணம் கிடைக்காதா?

கலமாயா எழுதியது:

கிடைக்கலாம் என்று நினைத்து அப்படித் திருப்பி எழுதிய விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன், நன்றாக முடிந்ததாகத் தெரியவில்லை. அந்தத் துறையில் வாடிக்கையாளர் அமைச்சகமோ ராணுவமோதான். வாங்குகிற முடிவுக்குக் காலம் பிடிக்கும், ரகசியத் தகவல் அனுமதி என்று ஒன்று வரும், நேட்டோ நாட்டுக் குடியுரிமை இல்லாத நிறுவனருக்கு அங்கே ஒவ்வொரு கதவிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ரஷ்ய எல்லையில் இருக்கிற நாட்டுக்கு அந்தப் பணம் நிஜமான தேவைக்கானது. அதை அந்த வேலை தெரிந்தவர்கள் வாங்கட்டும். மாதாமாதம் பணம் தருகிற கிடங்குக்காரரை வைத்திருக்கிறவர்கள் அவரை விட்டுவிட்டு அங்கே ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 பிப்ரவரியில் பால்டிக் நாடுகள் ரஷ்ய மின்கட்டமைப்பிலிருந்து விலகி ஐரோப்பியக் கட்டமைப்போடு சேர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு இங்கே மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணை (மின் உற்பத்தியும் பயன்பாடும் பொருந்தாவிட்டால் அது ஏறி இறங்கும்) சமன்படுத்துவதற்கென்றே தனிச் சந்தை வளர்ந்து வருகிறது. கம்ப்ரசரைச் சில நிமிடம் நிறுத்தித் தருகிறவர்களுக்கும் அதில் காசு உண்டு. பனிக்கரை, நீ பார்க்க வேண்டிய "பாதுகாப்பு" இதுதான். முதலீட்டாளரிடமும் இதைச் சொல். நாளைய விலையை வைத்து மிச்சப்படுத்துவது ஒரு வருமானம், சமன்படுத்தும் சந்தை இரண்டாவது வருமானம்.

பனிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா, இரண்டு கேள்வி. என் நண்பர் பங்கில் 50-50 என்கிறார், சரியா? இன்னொன்று, வங்கிக் கணக்கு. தெரிந்த ஒருவரின் கம்பெனிக்கு ஒரு வங்கி காரணமே சொல்லாமல் கணக்குத் திறக்க மறுத்துவிட்டதாம். நமக்கும் அப்படி நடக்குமா?

கலமாயா எழுதியது:

வங்கியில் அப்படி நடக்கிறது, அது கொடுமைதான். டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ சந்தேகத்துக்குரிய பணம் ஓடியது 2018-ல் வெளியே வந்தது. அதன் பிறகு இங்கே எல்லா வங்கிகளும் வெளிநாட்டுப் பெயரைப் பார்த்தாலே கூடுதல் தாள் கேட்கின்றன. நானே ஒரு இந்திய நிறுவனரோடு ஒரு வங்கிக்குப் போய், பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் அப்பா விற்ற நிலத்தின் பத்திரம் வரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தும் மறுப்பு வந்தது. காரணம் சொல்லவில்லை. நேர்மையான ஒருவரை அப்படி நிறுத்தி வைப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

உன் நிலை அதைவிட நல்லது. எஸ்டோனியக் கூட்டாளி, இங்கேயே சம்பளம் வாங்கிய வரலாறு, எஸ்டோனியாவில் பில் கட்டுகிற வாடிக்கையாளர், மூன்றும் இருக்கின்றன. கிடங்குக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தையும், பணம் வந்த விவரத்தையும் முதல் விண்ணப்பத்திலேயே இணைத்துவிடு. ஒன்றுக்கு இரண்டு வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பி. ஒன்று மறுத்த பிறகு மற்றதைத் தேடினால் மாதம் போய்விடும்.

50-50 பற்றி: பங்கு அப்படி இருப்பதில் எனக்குத் தடை இல்லை, இருவரும் ஒரே அளவு வேலை செய்திருக்கிறீர்கள். ஆனால் இருவர் பங்கும் 4 வருடத்தில் படிப்படியாகச் சொந்தமாகிற மாதிரி, முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி எழுதுங்கள். இங்கே முதலீட்டாளர் எப்படியும் அதைக் கேட்பார். அவர் கேட்டு எழுதுவதைவிட நீங்கள் இருவரும் நட்பாக இருக்கிற இப்போதே எழுதிக்கொண்டால், வார்த்தைகள் உங்களுடையதாக இருக்கும். முடிவெடுக்க முடியாமல் இருவரும் முட்டிக்கொண்டால் யார் சொல்வது செல்லும் என்பதையும் அதிலேயே போடுங்கள். தொழில்நுட்பம் உன்னுடையது, விற்பனை அவருடையது என்று பிரித்தாலும் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். எஸ்டோனிய மொழி படி. முதலீட்டாளர்கள் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், ஆனால் மீன் கிடங்கில் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் நீ பேச வேண்டியது எஸ்டோனியத்தில், சில இடங்களில் ரஷ்யத்தில். அவர் உன் மென்பொருளை நம்பாமல் சுவிட்சைக் கையால் போட்டுவிட்டால் உன் கணக்கு அத்தனையும் வீண். நீண்டகால வதிவிட உரிமைக்கும் 5 வருட வாசத்தோடு எஸ்டோனிய மொழியில் பி1 (இடைநிலை) தேர்வு வேண்டும். மாலை வகுப்பில் சேர்ந்துவிடு, செலவைக் கம்பெனியில் எழுதலாம்.

கமிட்டி விண்ணப்பத்தின் வரைவைத் தனிச்செய்தியில் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன். இரண்டு கிடங்கின் மீட்டர் கணக்கையும், மென்பொருள் போடுவதற்கு முந்தைய மாதங்கள், பிந்தைய மாதங்கள் என்று பிரித்துக் கூடவே வை. வெளியே எவ்வளவு குளிர் இருந்தது என்பதையும் பக்கத்தில் போடு, இல்லாவிட்டால் மிச்சம் ஆனது உன்னாலா, குளிர்காலத்தாலா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள்.